பழைய செயின்சால முதல்ல சாகுறது ரப்பர்

1950, 60கள்ல வந்த ஹோம்லைட், மெக்கல்லக், ஸ்டில் செயின்சாக்கள் அமெரிக்கா, கனடா, ஜெர்மனி பக்கமெல்லாம் வீட்டுக் கொட்டகைகள்ல இன்னும் நிறைய கிடக்கு, தாத்தா மரம் அறுத்தது, அப்பா தொடவே இல்ல, இப்ப பேரன் தூசி தட்டி பெட்ரோல் ஊத்தி கயித்த இழுக்கிறான். ஆச்சரியம் என்னன்னா பல மெஷின் ஸ்டார்ட் ஆகிடும். அஞ்சு பத்து செகண்ட் ஓடி ஆஃப் ஆகுறது ஒரு வகை. ஆக்சிலரேட்டரைத் தொடாமலேயே தானா ஸ்பீடு ஏறி கத்துறது இன்னொரு வகை. முதல் வகை வெறும் தொல்லைதான், ரெண்டாவது வகைதான் இன்ஜினையே காலி பண்ணும். ரெண்டுக்குமே பெரும்பாலும் காரணம் ஒண்ணுதான், உள்ள இருக்கிற ரப்பர் சாமான்கள் வயசாகி செத்துப்போச்சு. மெக்னீசியம் பாடி, கிராங்க், சிலிண்டர் எல்லாம் அறுபது வருஷம் கழிச்சும் கல்லு மாதிரி இருக்கும்.

ஏன் இந்த ரப்பருக்கு இவ்வளவு முக்கியத்துவம்னா, டூ ஸ்ட்ரோக் இன்ஜின் வயித்தால மூச்சு விடுற ஜாதி. பிஸ்டன் மேல போகும்போது கீழ இருக்கிற கிராங்க் கேஸ்ல அழுத்தம் குறையும், காத்தும் பெட்ரோலும் கலந்து உள்ள இழுக்கப்படும். பிஸ்டன் கீழ வரும்போது அதே கலவை அமுங்கி பக்கவாட்டு ஓட்டை வழியா மேல சிலிண்டருக்குள்ள போகும். டிவிஎஸ் 50, ஆர்எக்ஸ் 100 கழட்டிப் பாத்தவங்களுக்கு இதெல்லாம் புதுசில்ல. ஆனா செயின்சால கூடுதலா ஒரு வேலை இருக்கு. கிராங்க் கேஸ்ல ஏறி இறங்குற அந்த அழுத்தமே ஒரு சின்ன ஓட்டை வழியா கார்பரேட்டருக்குப் போய் அங்க இருக்கிற பெட்ரோல் பம்ப்பையும் ஓட்டுது. தனி மோட்டார் கிடையாது, ஒரு மெல்லிசு சவ்வு மேலயும் கீழயும் துடிக்கிறதுதான் பம்ப்.

இதுக்கு ஏன் இவ்வளவு சுத்தி வளைக்கணும்? ஆரம்ப கால செயின்சால பைக்ல இருக்கிற மாதிரி ஃப்ளோட் வச்ச கார்பரேட்டர்தான். அது நேரா நிக்கணும், சாய்ஞ்சா பெட்ரோல் வழியும். மரத்தை அடியில அறுக்க வாளைப் படுக்க வைக்கணுமே, அதனால இன்ஜினை நேரா வச்சுக்கிட்டு வாள் பட்டையை மட்டும் திருப்புற மாதிரி செஞ்சிருந்தாங்க. 1950கள்ல டயாஃப்ரம், அதாவது சவ்வு வச்ச கார்பரேட்டர் பரவலாச்சு, டில்லட்சன் கம்பெனியோட எச்எல் கார்பரேட்டரை அந்தக் காலத்து எக்கச்சக்கமான மெஷின்ல பாக்கலாம். தலைகீழா பிடிச்சாலும் ஓடும். 1959ல வந்த ஸ்டில் கம்பெனியோட கான்ட்ரா மாடல், கியரும் இல்லாம நேரடியா செயினை ஓட்டுச்சு, அதோட இந்த மெஷின் நாம இன்னிக்கு பாக்கிற உருவத்துக்கு வந்துடுச்சு.

சரி, அந்த டயாஃப்ரம் என்ன பண்ணுதுன்னு பாப்போம். கார்பரேட்டருக்குள்ள ரெண்டு சவ்வு. ஒண்ணு சொன்னேனே, பம்ப். இன்னொண்ணு அளவு பாக்கிறது, அதுக்கு ஒரு பக்கம் பெட்ரோல், மறுபக்கம் வெளிக்காத்து. இன்ஜின் பெட்ரோலை இழுக்க இழுக்க உள்பக்கம் அழுத்தம் குறையும், வெளிக்காத்து சவ்வைத் தள்ளும், சவ்வு ஒரு குட்டி லீவரை அமுக்கும், ஊசி வால்வு திறந்து புது பெட்ரோல் வரும். எவ்வளவு இழுக்குதோ அவ்வளவு மட்டும். இப்ப அந்த சவ்வு இருபது வருஷம் காஞ்சு அட்டை மாதிரி விறைச்சுப் போயிருந்தா என்ன ஆகும்? வெளிக்காத்து தள்ளுற கொஞ்ச அழுத்தத்துக்கு அது அசையாது, ஊசி திறக்காது. சோக் போட்டு இழுக்கும்போது உள்ள இருந்த கொஞ்சம் பெட்ரோல் எரிஞ்சு இன்ஜின் பிடிக்கும், அது தீந்ததும் நின்னுடும். அஞ்சு செகண்ட் நாடகத்தோட ரகசியம் இதுதான். எச்எல்லுக்கு டயாஃப்ரம் கிட் இன்னும் கிடைக்குது, மாத்துறது பெரிய வித்தை இல்ல, ஆனா கேஸ்கட் எது டயாஃப்ரம் எதுன்னு கழட்டும்போதே வரிசையைப் பாத்து வச்சுக்கணும், மாத்திப் போட்டா திரும்பவும் ஓடாது. உள்ள இருக்கிற சின்ன சல்லடையும் பழைய பெட்ரோல் பிசினால அடைச்சிருக்கும், அதையும் சுத்தம் பண்ணிடுங்க. டேங்க்குள்ள இருக்கிற பெட்ரோல் டியூபையும் தொட்டுப் பாருங்க, ஒண்ணு கல்லா இருக்கும், இல்ல களியா இருக்கும். இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் இருக்கு, நம்ம ஊர்லயே 20 சதவீதம் வரைக்கும் வந்தாச்சு, 1960ல செஞ்ச ரப்பர் எத்தனாலுக்காக செஞ்சதில்ல.

இப்ப அந்த ஆபத்தான விஷயம். கிராங்க் தண்டு ரெண்டு பக்கமும் வெளிய வர்ற இடத்துல ஆயில் சீல் இருக்கும். பேருதான் ஆயில் சீல், நிஜத்துல அது காத்து சீல். அது காஞ்சு விட்டுக்கொடுத்தா கார்பரேட்டரைத் தாண்டி வேற வழியா காத்து உள்ள வரும், மெக்கானிக் பாஷையில ஏர் எடுக்குது. காத்து கூடி பெட்ரோல் குறைஞ்சா சூடு ஏறும், ஸ்பீடும் ஏறும். இதுல கொடுமை என்னன்னா டூ ஸ்ட்ரோக்ல ஆயிலும் பெட்ரோல்ல கலந்துதான் வருது, ஆக பெட்ரோல் குறைஞ்சா ஆயிலும் சேந்து குறையுது. பிஸ்டன் விரிஞ்சு, ஆயில் பத்தாம, சைலன்சர் பக்கம் சிலிண்டரோட உரசி அலுமினியம் இழுவும். இதைத்தான் இன்ஜின் சீஸ் ஆகுறதுன்னு சொல்றது, பிஸ்டன் இறுகி நின்னுடும். அதுவும் அப்படி ஆகுறதுக்கு முன்னாடி மெஷின் ரொம்ப அருமையா, கிண்ணுன்னு ஓடுற மாதிரி தோணும், பாத்தவங்க ஆகா பழசு பழசுதான்னு சொல்லிட்டு இன்னும் கொஞ்சம் முறுக்குவாங்க.

அதனால என் கருத்து, எவ்வளவு ஆசையா இருந்தாலும் கிடைச்ச உடனே ஸ்டார்ட் பண்ணாதீங்க. முதல்ல சைலன்சரைக் கழட்டி அந்த ஓட்டை வழியா டார்ச் அடிச்சு பிஸ்டனைப் பாருங்க, நெட்டுக்குத்தா கீறல் இருக்கா, ரிங் அசையுதான்னு ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிடும். அப்புறம் ஸ்டார்ட்டர் கைப்பிடியைப் பிடிச்சு மெஷினைத் தொங்க விடுங்க. விட்டு விட்டு மெதுவா இறங்கினா கம்ப்ரஷன் இருக்கு, சரசரன்னு கீழ வந்தா இல்ல. கேஜ் இருந்தா 150 பிஎஸ்ஐ பக்கம் வந்தா சந்தோஷம், 100க்குக் கீழ போனா ரிங் வாங்கத் தயாராகுங்க. சீல் சோதிக்க சரியான வழி இன்டேக், எக்ஸாஸ்ட் ரெண்டையும் அடைச்சுட்டு கை பம்ப்பால அரை பார் அழுத்தம் குடுத்து நிக்குதான்னு பாக்கிறது, சோப்புத் தண்ணி தடவினா எங்க குமிழி வருதோ அங்கதான் ஓட்டை. அதே மாதிரி வேக்யூமும் வச்சுப் பாக்கணும், ஏன்னா சில சீல் வெளிய தள்ளினா பிடிக்கும், உள்ள இழுத்தா விடும். பம்ப் இல்லாதவங்களுக்கு ஒரு குறிப்பு, ஐடில்ல ஓடும்போது மெஷினை இடது வலதுன்னு சாய்ச்சுப் பாருங்க, சாய்க்கச் சாய்க்க ஸ்பீடு மாறினா சீல் இல்லன்னா பேரிங் மேல சந்தேகப்படலாம்.

கரண்ட் பக்கம் வந்தா அந்தக் கால மெஷின்ல பாயிண்ட் செட்டும் கண்டென்சரும்தான், எலக்ட்ரானிக் எல்லாம் அப்புறம் வந்தது. ஃப்ளைவீல் காந்தம் காயிலைத் தாண்டும்போது சின்னதா கரண்ட் ஓடும், சரியா அந்த நேரத்துல பாயிண்ட் திறந்து அதை வெட்டும், காந்தப்புலம் சடார்னு சரிஞ்சு காயில்ல இருக்கிற ரெண்டாவது கம்பிச் சுத்துல ஆயிரக்கணக்கான வோல்ட் வரும். வருஷக்கணக்கா சும்மா கிடந்த பாயிண்ட்ல கண்ணுக்கே தெரியாத ஒரு ஆக்சைடு படலம் படிஞ்சிருக்கும், அது போதும் ஸ்பார்க் இல்லாமப் பண்ண. நைஸ் உப்புத்தாள்ல லேசா தேய்ச்சு, அப்புறம் வெள்ளைப் பேப்பரை நடுவுல விட்டு இழுத்தீங்கன்னா சரியாகிடும், பாயிண்ட் இடைவெளி நிறைய மாடல்ல 0.4 மிமீ பக்கம். காயிலுக்கும் ஃப்ளைவீலுக்கும் நடுவுல விசிட்டிங் கார்டு தடிமன் இருந்தா பெரும்பாலும் சரி.

எல்லாரையும் குழப்புற ஒரு நோய் இருக்கு, பத்து பதினஞ்சு நிமிஷம் நல்லா ஓடும், சூடானதும் நிக்கும், ஆறினா திரும்ப ஓடும். இதுக்கு ரெண்டு காரணம் இருக்கலாம், ஒண்ணு காயில் சூட்டுல விடுறது, இன்னொண்ணு டேங்க் மூடியில இருக்கிற காத்து ஓட்டை அடைச்சு உள்ள வேக்யூம் கட்டி பெட்ரோல் வராம நிக்கிறது. நின்ன உடனே, ஆறவிடாம, மூடியைத் திறங்க, புஸ்ஸுன்னு காத்து உள்ள போய் உடனே ஸ்டார்ட் ஆனா ஓட்டைதான் வில்லன். சத்தமே இல்லன்னா அப்பவே ஸ்பார்க் பாருங்க, ஆறினப்புறம் பாத்து பிரயோஜனமில்ல. சூடான சைலன்சர் பக்கத்துல பெட்ரோல் சிந்தாம.

கார்பரேட்டர்ல முழு ஸ்பீடுக்கு பெட்ரோல் அளவை வைக்கிறது எச் ஸ்க்ரூ, அதோட டியூனிங் காதாலதான். லோடு இல்லாம முழு ஆக்சிலரேட்டர்ல கொஞ்சம் பரபரன்னு தடுமாறி ஓடணும், மரத்துல வச்சு அழுத்தினதும் அந்த தடுமாற்றம் போய் சத்தம் சுத்தமாகணும். பெட்ரோல் கொஞ்சம் கூடினா ஒவ்வொரு சுத்துலயும் எரியாம விட்டு விட்டு எரியும், அதான் அந்த சத்தம், அதுதான் பாதுகாப்பு. வெறும்னே முறுக்கும்போதே கீச்சுன்னு சுத்தமா கத்தினா ஸ்க்ரூவைத் திறந்து விடுங்க. ஆயில் விஷயத்துல பழைய லேபிள்ல 16க்கு 1ன்னு, அதாவது 16 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில்னு இருக்கும், அது அந்தக் காலத்து ஆயிலுக்குச் சொன்ன கணக்கு, இப்பத்த நல்ல டூ ஸ்ட்ரோக் ஆயில்னா நான் 32க்கு 1 போடுவேன், பழசுக்கு 50க்கு 1 போட மனசு வராது.

இவ்வளவும் பண்ணிட்டு மெஷின்ல பவரே இல்லன்னு சிலர் இன்ஜினைத் திரும்பவும் பிரிப்பாங்க, பாத்தா செயின்ல கூர் இருக்காது. அறுக்கும்போது சீவல் சீவலா வராம மாவு மாதிரி தூள் கொட்டினா செயின் மொட்டை, வெட்டு ஒரு பக்கமா வளைஞ்சு போனா அந்தப் பக்கப் பல்லும் இந்தப் பக்கப் பல்லும் சமமில்ல. இன்னிக்கு நாம போடுற கொக்கிப் பல்லு செயினே, அமெரிக்காவில ஆரிகன்ல ஜோசஃப் காக்ஸ்ங்கிற மரவெட்டி, மரத்துக்குள்ள ரெண்டு பக்கமும் குடைஞ்சுக்கிட்டுப் போற ஒரு வண்டுப் புழுவோட தாடையைப் பாத்து செஞ்சது, 1947ல விக்க ஆரம்பிச்சாரு. பழைய மெஷின்ல செயின் பிரேக் கிடையாது, வாளோட மூக்கு மேல்பக்கம் எதுலயும் இடிச்சா மொத்தமா முகத்தைப் பாத்து எகிறி வரும், அதனால ஓடுதான்னு சோதிக்கும்போது பட்டையும் செயினும் கழட்டியே வச்சுக்கிட்டு, எல்லாம் சரியானப்புறம் மாட்டினா போதும்.