இருங்கள் டாக்டர், அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன்

ஆகஸ்ட் மாதம் பிறந்துவிட்டால் என் மருந்தகத்தில் (கிளினிக்கில்) இந்த வாக்கியம் வாரத்துக்குப் பத்துத் தடவையாவது காதில் விழும். சிங்கப்பூரில் பல்கலைக்கழக வளாகம் ஒன்றுக்குப் பக்கத்தில் குடும்ப மருத்துவராக இருக்கிறேன். விடுதிக்கு வந்து இரண்டு வாரம்கூட ஆகாத பிள்ளைகள் காய்ச்சலும் தொண்டைவலியுமாக வந்து உட்காருவார்கள். "எந்த மருந்தாவது உங்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா?" என்று கேட்பேன். உடனே கைபேசி வெளியே வரும். ஈசூனிலிருந்தோ மதுரையிலிருந்தோ அம்மா பேசுவார். "மூன்று வயதில் காதுவலிக்குப் பென்சிலின் கொடுத்தார்கள் டாக்டர். உடம்பெல்லாம் தடித்துவிட்டது. அன்றோடு அதை நிறுத்திவிட்டோம்." நான் எழுதிக்கொள்வேன். எதிரே இருக்கும் பிள்ளை கண்ணை அகல விரித்துக் கேட்டுக்கொண்டிருக்கும். அதற்கும் அது புதுச் செய்தி.

பகலில் அம்மா தொலைபேசியை எடுப்பார். நள்ளிரவு இரண்டு மணிக்கு, அவசரச் சிகிச்சைப் பிரிவில் பேச முடியாமல் கிடக்கும்போது அவரை யார் அழைப்பது?

விடுதிக்குப் போகும் பிள்ளைக்கு என்னவெல்லாம் வாங்க வேண்டும் என்று பெற்றோர் என்னிடம் கேட்பதுண்டு. மெத்தை விரிப்பு, மேசை விளக்கு, இங்குள்ள மூன்று முனைச் செருகி எல்லாவற்றையும் தேக்காவில் ஒரே மாலையில் வாங்கிவிடலாம். கடையில் கிடைக்காத ஒன்று இருக்கிறது. பதினெட்டு ஆண்டுகளாக அந்த உடம்பைப் பற்றி அம்மா மனத்தில் எழுதி வைத்திருக்கும் கணக்கு. பெட்டி கட்டுவதற்கு முன்னால் அந்தக் கணக்கு பிள்ளையின் கைக்கு மாற வேண்டும். அம்மா சொல்லச் சொல்ல, பிள்ளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளட்டும்.

சிங்கப்பூரில் பிறந்தவர்களுக்கு இது எளிது. பிறந்தபோது கொடுத்த சுகாதாரப் புத்தகம் அலமாரியின் அடித்தட்டில் எங்காவது இருக்கும். தடுப்பூசி விவரங்களை ஹெல்த்ஹப் செயலியிலும் பார்க்கலாம். அந்தப் புத்தகத்தில் ஜி6பிடி பற்றி ஏதாவது குறித்திருக்கிறதா என்று தேடுங்கள். இந்த நொதிக் குறைபாட்டை இங்கே 1965 முதல் பிறந்த குழந்தைகளிடம் சோதித்து வருகிறார்கள். ஆண் பிள்ளைகளிடம் இது அதிகம். குறைபாடு உள்ளவர்களுக்குச் சில மருந்துகள் ஆகாது. நாப்தலீன் கலந்த அந்துருண்டையும் ஆகாது. இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்துபோகும். அம்மா அந்துருண்டையை வீட்டுக்குள் நுழையவே விட்டிருக்கமாட்டார். ஏன் என்று பிள்ளையிடம் சொல்லியிருக்கவும் மாட்டார். விடுதி அறையின் அலமாரியில், முன்பு தங்கியவர் போட்டுவிட்டுப் போன நான்கு உருண்டைகள் இருக்கும். மஞ்சள் பூத்த கண்ணும் கடுந்தேநீர் நிறத்தில் சிறுநீருமாக ஒரு மாணவர் என்னிடம் வந்தது அப்படித்தான். நல்லவேளை, மருத்துவமனைக்கு உடனே அனுப்ப முடிந்தது, தேறிவிட்டார்.

தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் தடுப்பூசி அட்டையோடு, வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகளுக்கு மருத்துவரின் கடிதத்தையும் கொண்டுவாருங்கள். கடிதத்தில் மருந்தின் மூலப்பெயர் இருக்கட்டும். ஊரில் எல்லாரும் அறிந்த கடைப்பெயர் இங்கே மருந்தாளருக்குத் தெரியாமல் போகலாம். இது சின்ன விஷயம் என்று எண்ணாதீர்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த டோலோ 650 மாத்திரையையும், அறைத்தோழன் கொடுத்த பனடோலையும், சளிக்கு வாங்கிய இன்னொரு மாத்திரையையும் ஒரே நாளில் மாற்றி மாற்றி விழுங்கிய மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்றிலும் இருப்பது பாராசிட்டமால். பெரியவர்களுக்கே ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கல்லீரல் கெடும். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றைச் சிங்கப்பூருக்குள் கொண்டுவர சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி தேவைப்படலாம். பயணத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பே அவர்களுடைய இணையத்தளத்தில் பார்த்துவிடுங்கள். ஒன்றைத் தனியாகச் சொல்லிவிடுகிறேன்: மின்சிகரெட் இங்கே வைத்திருப்பதே குற்றம். நண்பனுடையது என்று பையில் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள்.

சின்னம்மையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கான தடுப்பூசி சிங்கப்பூரின் தேசியக் குழந்தைப் பருவத் தடுப்பூசி அட்டவணையில் சேர்ந்தது 2020 நவம்பரில்தான். இந்தியாவில் அரசு இலவசமாகப் போடும் தடுப்பூசிகளில் அது இல்லை. ஆக, இப்போது விடுதிக்குள் நுழையும் வயதினரில் ஊசியும் போடாமல், அம்மையும் கண்டிராமல் இருப்பவர்கள் உண்டு. வீடாக இருந்தால் வேப்பிலையைக் கட்டி, ஓர் அறையை ஒதுக்கி, பாட்டி பார்த்துக்கொள்வார். இரண்டு பேர் தூங்கும் அறையிலும் இருபது பேர் குளிக்கும் குளியலறையிலும் ஒதுக்கம் ஏது? கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாளுக்கு முன்பே அது பரவத் தொடங்கிவிடுகிறது. குழந்தைகளைவிடப் பெரியவர்களைக் கடுமையாகத் தாக்கவும் செய்யும். ஊசி இரண்டு தவணை. இடையில் குறைந்தது நான்கு வாரம் வேண்டும். ஜூன் மாதத்திலேயே முதல் ஊசியைப் போட்டுவிட்டால் விடுதிக்குப் போகுமுன் முடிந்துவிடும். ஒருவேளை அம்மை வந்துவிட்டால், அம்மனின் அருள் என்று இரண்டு நாள் பொறுத்திருக்காமல் முதல் கொப்புளம் தெரிந்த அன்றே மருத்துவரைப் பாருங்கள். அந்த வைரஸுக்கான மருந்து முதல் 24 மணி நேரத்தில் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். வேப்பிலையையும் வைத்துக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை.

டெங்கிக் காய்ச்சல் இந்த ஊரின் நிரந்தரக் கவலை. 2020இல் மட்டும் 35,000க்கும் மேற்பட்டோருக்கு வந்தது. காய்ச்சல் வந்தால் ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் போன்ற வலிநிவாரணிகளை நீங்களாகவே எடுக்காதீர்கள். டெங்கியாக இருந்தால் இரத்தக் கசிவை அவை கூட்டும். மாணவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது வேறோர் இடத்தில். மூன்றாம், நான்காம் நாள் காய்ச்சல் இறங்கும். சரியாகிவிட்டது என்று வகுப்புக்குக் கிளம்புவார்கள். உண்மையில் அபாயகரமான கட்டம் அப்போதுதான் தொடங்குகிறது. கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், எழுந்திருக்க முடியாத சோர்வு, இவற்றில் ஒன்று வந்தாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

என் மனத்தை விட்டு அகலாத ஒரு மாணவி இருக்கிறாள். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். பன்னிரண்டு வயதிலிருந்து அவளுக்கு வலிப்பு. மாத்திரையால் நன்றாகக் கட்டுப்பட்டிருந்தது; நான்கு ஆண்டுகளாக ஒரு தடவைகூட வரவில்லை. விடுதிக்கு அனுப்பும்போது அவளுடைய அப்பா சொல்லி அனுப்பியது இதுதான்: "யாரிடமும் சொல்லாதே. நாளைக்குக் கல்யாணப் பேச்சு எடுக்கும்போது ஊரெல்லாம் தெரிந்திருக்கும்." அறைத்தோழி பார்த்துவிடுவாளோ என்ற அச்சத்தில் இரவு மாத்திரையைத் தள்ளிப்போட்டாள். பிறகு தவறவிட்டாள். புதிய மாணவர்களுக்கான அறிமுக முகாமில் மூன்று இரவுகள், இரவுக்கு இரண்டு மணி நேரத் தூக்கம். தூக்கமின்மையும் தவறிய மாத்திரையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று வலிப்பு மருத்துவம் தெரிந்த யாரும் சொல்லிவிடுவார்கள். நான்காம் நாள் காலை விடுதி நடைபாதையில் விழுந்தாள். ஓடிவந்த பிள்ளைகள் நல்லெண்ணத்தில் கரண்டியை வாய்க்குள் திணித்தார்கள். ஒருவர் முகத்தில் தண்ணீர் ஊற்றினார். இன்னொருவர் கையில் சாவிக்கொத்தை வைத்து அழுத்தினார். முன்பல் ஒன்று உடைந்தது.

அந்தப் பிள்ளைகள்மீது எனக்குக் கோபமில்லை. அவர்களிடம் யாரும் எதையும் சொல்லவில்லையே. அப்பாவின் பயமும் எனக்குப் புரிகிறது. எங்கள் குடும்பத்திலும் இப்படி மறைக்கப்பட்ட நோய்கள் இருந்தன. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் நான் பெற்றோரோடு சண்டை போடத் தயாராக இருக்கிறேன். வலிப்போ, ஆஸ்துமாவோ, நீரிழிவோ, நிலக்கடலை ஒவ்வாமையோ, எதுவானாலும் விடுதியில் பக்கத்தில் தூங்கும் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் சொல்லச் சொல்லவில்லை. ஒருவர், ஒரே ஒருவர். உறிஞ்சுமருந்து (இன்ஹேலர்) எந்த இழுப்பறையில் இருக்கிறது, எப்போது ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லிவையுங்கள். வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே மெத்தென்று எதையாவது வைத்து, சுற்றியுள்ள பொருள்களை விலக்கினால் போதும். வாயில் எதையும் வைக்கக் கூடாது. கடிகாரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடத்துக்குள் நிற்காவிட்டால் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள். இரும்பால் ஒரு பயனும் இல்லை.

அவள் இப்போது மூன்றாம் ஆண்டு. அறைத்தோழியின் கைபேசியிலும் இரவு ஒன்பதரைக்கு மாத்திரை மணி அடிக்கிறதாம்.

தூக்கத்தைத் தொட்டுவிட்டேன், அதையும் முடித்துவிடுகிறேன். தேசியச் சேவை என்ற கட்டாயப் படைப்பணியை முடித்துவிட்டு வரும் இளையர்கள், கூடத்தில் தூங்கிப் பழகிய எங்களுக்கு விடுதி என்ன பெரிது என்பார்கள். முகாமில் விளக்கணைக்க ஒரு நேரம் இருந்தது; எழுப்பிவிட ஆளும் இருந்தது. விடுதியில் இரண்டும் இல்லை. விளையாட்டுப் பயிற்சியே இரவு பத்து மணிக்குத் தொடங்கும். பன்னிரண்டு மணிக்கு எல்லாரும் பரோட்டா சாப்பிடப் போவார்கள். சில விடுதிகளில் அடுத்த ஆண்டும் அறை கிடைக்க நடவடிக்கைப் புள்ளிகள் வேண்டும் என்பதால், முதல் மாதத்திலேயே ஐந்தாறு குழுக்களில் பெயர் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டு போதும் என்பது என் கருத்து. அக்டோபரில் தலைவலி, நெஞ்சு படபடப்பு, ஞாபக மறதி என்று வருபவர்களிடம் எத்தனை குழு என்றுதான் முதலில் கேட்கிறேன்.

இந்தியாவிலிருக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். நமக்கும் உங்களுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். வேலையெல்லாம் முடித்து இரவு பத்து மணிக்கு ஆசையாக அழைக்கிறீர்கள், இங்கே பன்னிரண்டரை. பிள்ளை எடுக்காவிட்டால் பதறுவீர்கள் என்று அது விழித்திருக்கிறது. மாலை ஆறு மணிக்குள் பேசிவிடுங்கள். "சாப்பிட்டாயா?" என்று கேட்டால் "சாப்பிட்டேன்" என்றுதான் பதில் வரும். "இன்று யாரோடு சாப்பிட்டாய்?" என்று கேட்டுப் பாருங்கள். தொடர்ந்து பல நாள் "தனியாகத்தான்" என்று வந்தால் கவனியுங்கள்.

தனிமையால் வாடுபவர்கள் என்னிடம் தனிமை என்று சொல்லி வருவதில்லை. வயிற்றெரிச்சல் என்பார்கள், உடம்பு அசதி என்பார்கள். வகுப்புக்குப் போய்ப் பத்து நாளாகியிருக்கும். பல்கலைக்கழகங்களில் மனநல ஆலோசகர்கள் இருக்கிறார்கள். 1771 என்ற தேசிய மனநல உதவி எண் இரவும் பகலும் இயங்குகிறது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால் 1767. அதுவும் 24 மணி நேரமும் உண்டு. போலீஸ் வரும், வழக்குப் போடுவார்கள் என்று பயந்து வாய் திறக்காதவர்களைக் கண்டிருக்கிறேன். தற்கொலை முயற்சி 2020 ஜனவரி முதல் சிங்கப்பூரில் குற்றமல்ல. பேசுங்கள். தமிழில் பேசினால்தான் மனம் திறக்கும் என்றால், வளாகத் தமிழ் மாணவர் அமைப்புகளில் ஒன்றுக்கு ஒரு மாலை போய்வாருங்கள். மருந்துச் சீட்டில் எழுத முடியாத மருந்து அது.

இந்த ஊரின் ஈரக்காற்றில் நனைந்த துண்டு அறைக்குள் காயாது. பூஞ்சை பிடிக்கும், அதே துண்டை இருவர் பயன்படுத்தினால் படர்தாமரை ஒட்டிக்கொள்ளும். துண்டையும் சவரக் கத்தியையும் யாருக்கும் கடன் கொடுக்காதீர்கள்.

பெற்றோருக்கு இன்னொன்று. 21 வயது நிறையாதவருக்கு அறுவை சிகிச்சை தேவைப்பட்டால், இங்குள்ள மருத்துவமனைகள் பொதுவாகப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கும். குடல்வால் அழற்சி நல்ல நேரம் பார்த்து வருவதில்லை. உங்கள் எண்ணோடு, சிங்கப்பூரில் உள்ள உறவினர் அல்லது குடும்ப நண்பர் ஒருவரின் எண்ணையும் விடுதி அலுவலகத்தில் கொடுத்துவையுங்கள்.

புதிதாக வரும் பிள்ளைகளே, முதல் வாரத்தில், உடம்பு நன்றாக இருக்கும்போதே, உங்கள் அறையிலிருந்து மருந்தகத்துக்கு ஒருமுறை நடந்து பாருங்கள். எத்தனை நிமிடம் ஆகிறது, எத்தனை மணிக்கு மூடுகிறார்கள், சனிக்கிழமை உண்டா, உங்கள் காப்பீட்டை ஏற்றுக்கொள்வார்களா என்று முகப்பில் கேளுங்கள். தேர்வு நாளில் உடம்பு சரியில்லாமல் போனால் மருத்துவச் சான்றிதழை எத்தனை நாளுக்குள் யாரிடம் கொடுக்க வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இரவில் விடுதிப் பொறுப்பில் இருப்பவரின் எண்ணைக் கைபேசியில் சேமித்துவிட்டு, அம்மா சொல்லச் சொல்ல எழுதிய அந்தக் குறிப்பைப் படமெடுத்து, பூட்டைத் திறக்காமலே பிறர் பார்க்கக்கூடிய அவசர மருத்துவ விவரப் பகுதியில் ஏற்றிவிடுங்கள்.