ரோந்து ஜீப்பில் விட்டு விட்டு எரிந்த விளக்கு

பழைய போலீஸ் ரோந்து ஜீப்பின் சுழல் விளக்கில் பல்ப் சுற்றுவதே இல்லை. அது நடுவில் சும்மா எரிந்துகொண்டிருக்கும், அதைச் சுற்றி ஒரு சின்ன மோட்டார் வளைந்த கண்ணாடியைச் சுழற்றும். கண்ணாடி நம் பக்கம் திரும்பும்போது மட்டும் வெளிச்சம் முகத்தில் அடிக்கும். அந்த மோட்டார் மக்கர் செய்தால், கைவசம் இருப்பதை வைத்து ஒப்பேற்ற ஆட்டோ எலெக்ட்ரீஷியன் எடுப்பது இண்டிகேட்டரை விட்டு விட்டு எரியவைக்கும் ஃபிளாஷரை.

பழைய ஃபிளாஷர் டப்பாவுக்குள் இரண்டு உலோகங்களை ஒட்டிய ஒரு பட்டை இருக்கும். பல்புக்குப் போகும் கரண்ட் அதைச் சூடாக்கும், இரண்டு உலோகமும் ஒரே அளவு நீளாததால் பட்டை வளையும், தொடர்பு விட்டுப்போய் விளக்கு அணையும், ஆறியதும் நிமிர்ந்து மறுபடி தொடும். அவ்வளவுதான். ஆனால் அது 21 வாட் பல்புகளுக்கு அளவெடுத்துச் செய்தது. பளிச்சென்று தெரியட்டும் என்று 55 வாட் ஃபாக் லாம்ப் இரண்டை நேராக மாட்டினால் பட்டை சட்டென்று சூடாகிப் படபடவென்று அடிக்கும், சீக்கிரமே முனை கருகிவிடும். அதனால் நடுவில் ஒரு ரிலே, அதாவது கொஞ்சம் கரண்டில் சுருள் காந்தமாகி, பெரிய கரண்டுக்கான ஸ்விட்சைப் போடும் சின்ன டப்பா. எனக்கு ரொம்பப் பிடித்த வேலை இங்கேதான் இருக்கிறது: ரிலே சுருள் இழுக்கும் கொஞ்சூண்டு கரண்ட் பட்டையைச் சூடாக்கப் போதாது என்பதால், 21 வாட் பல்ப் இரண்டையும் அதோடு சேர்த்து பானெட்டுக்குள் கட்டிவிடலாம். யார் கண்ணிலும் படாத அந்த பல்புகள்தான் தாளம் போடும். கரண்டை இரண்டு விளக்குக்கும் மாற்றி மாற்றி விடும் ஐந்து முனை ரிலேயாக இருந்தால் இடது விளக்கு அணையும்போது வலது எரியும்.

சரி, தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், தனுஷ்கோடி என்று கடலை ஒட்டியே ஓடும் வண்டியில் இதெல்லாம் சீக்கிரம் மங்கிப்போவது ஏன்? பெரும்பாலும் பல்பில் குறை இருக்காது, எர்த்தில் இருக்கும். எர்த் என்பது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப்போகும் வழி, வண்டியில் அது பாடிதான். உப்புக்காற்றில் வரும் உப்பு, காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து நட்டு போல்ட்டை ராத்திரியெல்லாம் நனைத்தே வைத்திருக்கும், துரு ஏறும், கரண்டுக்குத் தடை கூடும். 12 வோல்ட்டில் 55 வாட் பல்ப் இழுப்பது சுமார் 4.6 ஆம்பியர். எர்த்தில் வெறும் கால் ஓம் தடை இருந்தாலே கிட்டத்தட்ட 1 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். 1 வோல்ட்தானே என்று விடக்கூடாது, ஏனென்றால் இழை பல்பில் வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தாலும் வெளிச்சம் பல மடங்கு வேகமாகக் குறையும், இந்த 1 வோல்ட்டுக்கே கால் பங்கு வெளிச்சம் போய்விடும்.

பெயிண்டைச் சுரண்டி, பளபளவென்று இரும்பு தெரிந்த பிறகு எர்த்தை முறுக்கி, மேலே கிரீஸ் பூசலாம். அதைவிட நல்லது, பாடியை நம்பாமல் விளக்கிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கே தனியாக ஒரு தடித்த வயர் இழுத்துவிடுவது.