நெருப்பில்லாத நிகோடின்

லண்டனில் இருக்கும் வாசகி ஒருவர் எழுதியிருந்தார். பல வருடங்களாகப் புகைத்துவரும் தன் மாமனாரிடம் அங்குள்ள குடும்ப மருத்துவர், "சிகரெட்டை விட முடியலைன்னா வேப்புக்கு மாறிப் பாருங்க" என்றாராம். வேப் என்பது இ-சிகரெட். அதே பொருளை இந்தியா 2019இல் சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது. ஒரு நாட்டில் குற்றமாக இருப்பது இன்னொரு நாட்டில் எப்படி வைத்தியமாகும் என்று கேட்கிறார். நியாயமான கேள்விதான்.

முதலில் எரிதலைப் பார்த்துவிடுவோம். சிகரெட்டை இழுக்கும்போது அதன் நுனி சுமார் 900 டிகிரி செல்சியஸ் வரை சூடாகிறது. அந்தச் சூட்டில் கருகும் இலையிலிருந்து தார், கார்பன் மோனாக்சைடு, பென்சீன் என்று ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்கள் கிளம்புகின்றன. புற்றுநோய் உண்டாக்குபவை மட்டும் எழுபதுக்குக் குறையாது. அந்தப் பட்டியலில் நிகோடின் இல்லை. படித்தவர்கள்கூட நிகோடின்தான் புற்றுநோய் தருகிறது என்று நம்புகிறார்கள், அது தவறு. நிகோடின் அடிமையாக்கும், நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும், கர்ப்பிணிகளுக்கும் வளரும் மூளைக்கும் ஆகாது. ஆனால் நுரையீரலை அரிப்பது புகை. லண்டன் ஆய்வாளர் மைக்கேல் ரஸ்ஸல் 1976லேயே இதைச் சொல்லிவிட்டார்: மனிதர்கள் நிகோடினுக்காகப் புகைக்கிறார்கள், தாரினால் சாகிறார்கள்.

இ-சிகரெட்டில் எதுவும் எரிவதில்லை. ஒரு பேட்டரி, ஒரு சின்னக் கம்பிச்சுருள், புரோப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் கலந்த திரவம், அதில் நிகோடினும் மணப்பொருளும். சுருள் சூடாகித் திரவத்தை ஆவியாக்குகிறது. ஆவி உடனே குளிர்ந்து நுண்துளிகளாகிறது. வெள்ளையாகத் தெரிவது அந்தத் துளிகள்தான். இதிலும் கொஞ்சம் ஆல்டிஹைடுகள், சுருளிலிருந்து வரும் உலோகத் துகள்கள் உண்டு. தாரும் கார்பன் மோனாக்சைடும் இல்லை என்றே சொல்லிவிடலாம்.

சரி, நிகோடின் மட்டும்தான் வேண்டுமென்றால் தோலில் நிகோடின் பேட்ச் ஒட்டிக்கொண்டால் போதாதா? பலருக்குப் போதவில்லை. காரணம் வேகம். இழுத்த புகையிலுள்ள நிகோடின் 10 முதல் 20 நொடிக்குள் மூளைக்குப் போய், இன்ப உணர்வோடு தொடர்புள்ள டோபமினைச் சுரக்க வைக்கிறது. நிகோடின் சூயிங்கம்மில் உச்சத்தைத் தொட அரை மணி நேரம் ஆகும், பேட்சில் பல மணி நேரம். புகைப்பவரின் மூளை பழகியிருப்பது நொடிக் கணக்குக்கு.

இந்த வேகத்துக்குப் பின்னால் இருக்கும் வேதியியல் எனக்கு மிகவும் பிடித்தது. நிகோடின் ஒரு காரம், அதாவது வேதியியலில் அமிலத்துக்கு எதிர்ப்பக்கம். அமிலத்தன்மை உள்ள இடத்தில் அது ஒரு புரோட்டானைப் பிடித்துக்கொண்டு மின்னூட்டம் ஏற்றிக்கொள்ளும். காரத்தன்மை உள்ள இடத்தில் புரோட்டானை விட்டுவிட்டுத் தனி மூலக்கூறாகத் திரியும். நம் செல்களின் சவ்வு கொழுப்பால் ஆனது; மின்னூட்டம் உள்ளதை எளிதில் உள்ளே விடாது. அதனால் தனி நிகோடின் சட்டென்று நுழைந்துவிடும், மின்னூட்டம் ஏற்றியது வெளியே நின்றுவிடும். அமிலமா காரமா என்று காட்டும் எண் பி.எச்.; 7 நடுநிலை, குறைந்தால் அமிலம், கூடினால் காரம். பி.எச். அளவு 8இல் இரண்டும் பாதிப் பாதி. எச்சில் 6.5 என்று வைத்துக்கொண்டால் 3 சதவீதம்தான் தனி நிகோடின். அதையே 9க்கு ஏற்றினால் 90 சதவீதம்.

வெற்றிலையோடு புகையிலை போடுபவர்கள் ஏன் சுண்ணாம்பு தடவுகிறார்கள் என்பது இப்போது புரியும். சுண்ணாம்பு வாயின் பி.எச். அளவை ஏற்றிவிடுகிறது, நிகோடின் புரோட்டானை உதறுகிறது, கன்னத்தின் உள்தோல் வழியாகவே ரத்தத்தில் இறங்குகிறது. பாட்டிமார் யாரும் பி.எச். கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை, அனுபவத்தில் கண்டார்கள். சுருட்டுப் புகையும் காரத்தன்மை உள்ளதுதான். அதனால் சுருட்டை வாயில் வைத்திருந்தாலே போதும், நெஞ்சுக்குள் இழுக்க வேண்டியதில்லை. சிகரெட் புகையோ சற்று அமிலம். வாயில் அவ்வளவாக ஏறாது. ஆனால் தொண்டையை அதிகம் அறுக்காது என்பதால் ஆழமாக உள்ளே இழுக்க முடியும். நுரையீரலில் பி.எச். சுமார் 7.4. அங்கே ஐந்தில் ஒரு பங்கு நிகோடின் தனியாகிவிடுகிறது. அது ரத்தத்துக்குள் போனதும் சமநிலை குலைகிறது, மிச்சத்திலிருந்து இன்னொரு பங்கு புரோட்டானை விடுகிறது, அதுவும் போகிறது, அப்புறம் இன்னொன்று. நுரையீரலின் பிரம்மாண்டமான பரப்பில் இதெல்லாம் நொடிகளில் முடிந்துவிடும்.

ஆரம்பகால வேப் திரவங்களில் இருந்தது தனி நிகோடின். அளவைக் கூட்டினால் தொண்டை எரிந்தது, குறைத்தால் சிகரெட்காரருக்குப் போதவில்லை. அப்புறம் வந்தது நிகோடின் உப்பு: திரவத்தில் பென்சாயிக் அமிலத்தைக் கலந்து நிகோடினுக்குப் புரோட்டானை ஏற்றிவிடுவது. தொண்டை உறுத்தாது, நுரையீரலுக்குப் போனதும் அங்கேயே விடுபட்டுக்கொள்ளும். சிகரெட் செய்வதையே நெருப்பில்லாமல் செய்கிறது. 2015இல் அமெரிக்காவில் வந்த ஜூல் என்ற இ-சிகரெட் இதை வைத்துத்தான் சந்தையைப் பிடித்தது. அதுவரை ஒரு சிகரெட்கூடத் தொடாத பள்ளிப் பிள்ளைகளையும் இதே வழியில்தான் பிடித்தது. தொண்டை எரிச்சல் ஒரு வகையில் காவல். அதை எடுத்துவிட்டால் கிழவருக்கும் சுலபம், பதினாலு வயதுப் பையனுக்கும் சுலபம். ஜூல் திரவம் மில்லிலிட்டருக்கு 59 மில்லிகிராம் நிகோடின் வரை போனது. பிரிட்டனில் உச்ச வரம்பு 20.

புகைப்பவர்களுக்குப் பலன் உண்டா? 2019இல் இங்கிலாந்தில் பீட்டர் ஹாயெக் குழு 886 பேரிடம் நடத்திய சோதனையில், ஓராண்டுக்குப் பின் சிகரெட்டை விட்டிருந்தவர்கள் வேப் குழுவில் 18 சதவீதம், பேட்ச், சூயிங்கம் போன்றவற்றைப் பயன்படுத்திய குழுவில் 9.9 சதவீதம். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆனால் வேப்பினால் சிகரெட்டை விட்டவர்களில் 80 சதவீதம் பேர் ஓராண்டு கழித்தும் வேப்பை விடவில்லை. இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

அங்கே குடும்ப மருத்துவர் வேப்பை மருந்துச் சீட்டில் எழுதித் தர முடியாது. மருந்தாக உரிமம் பெற்ற வேப் எதுவும் சந்தையில் இல்லை. புகைக்கிறீர்களா என்று கேட்பார், எது உதவும் என்று அரை நிமிடத்தில் சொல்வார், புகை நிறுத்தும் சேவைக்கு அனுப்புவார். 2023இல் அரசு பத்து லட்சம் புகைப்பவர்களுக்கு வேப் தொகுப்பு தரும் திட்டத்தை அறிவித்தது. சேவை மையத்தில் கையடக்கமான ஒரு கருவி இருக்கும். மூச்சைப் பதினைந்து நொடி அடக்கி அதில் ஊதச் சொல்வார்கள். திரையில் மூச்சிலுள்ள கார்பன் மோனாக்சைடின் அளவு, பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்று வரும். 10க்குக் கீழே என்றால் புகைக்காதவர் கணக்கு. சிகரெட்டை முழுக்க நிறுத்தி வேப்புக்கு மாறியவருக்கு ஓரிரு நாளில் எண் இறங்கிவிடும், ஏனென்றால் ரத்தத்திலிருக்கும் கார்பன் மோனாக்சைடு நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிறது.

வேப்பையும் சிகரெட்டையும் மாற்றி மாற்றி இழுப்பவருக்கு அந்த எண் அப்படி இறங்காது. "இருபதிலிருந்து மூணுக்குக் குறைச்சுட்டேன் டாக்டர்" என்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும். இதயத்துக்கு அந்தக் கணக்கு செல்லாது. தினம் ஒரே ஒரு சிகரெட் பிடித்தாலும், இருபது பிடிப்பவருக்கு மாரடைப்பு நோயில் கூடும் ஆபத்தில் கிட்டத்தட்ட பாதி இவருக்கும் உண்டு.

சிகரெட்டைவிட வேப்பின் தீங்கு சுமார் 95 சதவீதம் குறைவு என்று 2015இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு சொன்னது. அந்த எண்ணை நான் பயன்படுத்துவதில்லை. அது நிபுணர் குழு ஒன்றின் மதிப்பீட்டிலிருந்து வந்தது, யாரும் அளந்து கண்டதல்ல. சிகரெட்டைவிட வெகுவாகக் குறைந்த தீங்கு என்பது வரை ஏற்கிறேன். முப்பது ஆண்டு வேப் இழுத்தவர் என்று இன்னும் ஒருவர்கூடக் கிடையாது. 2019-20இல் அமெரிக்காவில் வேப் இழுத்தவர்களில் 68 உயிர்களை வாங்கிய நுரையீரல் நோய்க்குப் பெரும்பாலும் காரணம், வேப்பில் ஊற்றிய கஞ்சா எண்ணெயில் கலப்படம் செய்த வைட்டமின் ஈ அசிடேட். அதற்குச் சாதாரண நிகோடின் வேப்பைக் குற்றம் சொல்வது சரியல்ல.

இரண்டு நாடுகளும் பார்ப்பது ஒரே வேதியியலின் இரண்டு முனைகளை. பிரிட்டன் ஏற்கெனவே புகைப்பவரைப் பார்க்கிறது. இந்தியா இன்னும் தொடங்காத பிள்ளையைப் பார்க்கிறது. அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் வேப்பைத் தடுத்த கையோடு ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பீடி பிடிப்பவருக்கு ஒரு மாற்றைக் கொடுத்திருக்க வேண்டாமா? சைட்டிசின் என்று ஒரு தாவர மருந்து, 1964 முதல் பல்கேரியாவில் விற்கிறது. நிகோடின் ஒட்டும் அதே இடத்தில் ஒட்டி ஏக்கத்தைத் தணிக்கும். 2014இல் வெளியான நியூசிலாந்துச் சோதனையில் பேட்ச், சூயிங்கம்மையே முந்தியது. பழைய மருந்து, காப்புரிமை கிடையாது, அதனால் அதன்மேல் ஆராய்ச்சிப் பணம் போடப் பெரிய நிறுவனங்களுக்கு வெகுகாலம் ஆசை இருக்கவில்லை. அரசுப் பணம் போக வேண்டிய இடம் இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

இப்போதைக்கு இந்தியாவில் கைக்கு எட்டுவது நிகோடின் சூயிங்கம். அதிலும் பி.எச். வேலைதான்: வாயின் பி.எச். அளவை ஏற்றும் பொருள் அதிலேயே கலந்திருக்கிறது. காபி குடித்த வாயோடு மென்றால் அமிலம் அதைக் கெடுத்துவிடும், நிகோடின் ஏறாது. "மென்னு பார்த்தேன், ஒண்ணும் ஆகலை" என்பவர்களில் எத்தனை பேர் காபி டம்ளரைக் கீழே வைத்த கையோடு மென்றார்களோ. காபி, ஜூஸ் குடித்தால் கால் மணி நேரம் விடுங்கள். நாலைந்து தடவை மெல்லுங்கள். சுருக்கென்று தெரிந்ததும் நிறுத்திக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்குங்கள். சுருக்கு அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள். அரை மணி நேரம் இப்படியே. எச்சிலோடு விழுங்கினால் வயிற்று அமிலத்தில் வீணாகும், விக்கல்தான் மிச்சம். பேசி ஆலோசனை கேட்க 1800 112 356 என்ற இலவச எண் இருக்கிறது.