கழுவிய தொட்டியில் இறக்கும் கப்பிகள்

மிருக வைத்தியரான என்னிடம் மாடும் ஆடும் நாயுமே பெரும்பாலும் வரும் என்றாலும், அண்மைக் காலமாகப் போத்தலில் கப்பி மீன்களுடனும் சிலர் வருகிறார்கள். யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலிலிருந்து ஒரு தந்தையும் மகளும் கொண்டுவந்த ஐந்து மீன்களில் மூன்று இறந்திருந்தன. மற்றவை செட்டைகளை ஒடுக்கியபடி நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

"எங்கட கிணத்துத் தண்ணி ஒத்துவரேல்லைப் போல, டொக்டர்" என்றார் தந்தை.

குறை கிணற்றில் இல்லை. சுண்ணாம்புக் கற்பாறையில் ஊறி, கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும் எங்கள் வன்னீர் கப்பிக்கு உகந்ததே. தொட்டியை எப்படித் துப்புரவு செய்வீர்கள் என்று கேட்டேன். ஞாயிறுதோறும் முழுத் தண்ணீரையும் ஊற்றிவிட்டு, கற்களையும் வடிகட்டியின் ஸ்பொஞ்சையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுவதாக மகள் பெருமையோடு சொன்னாள்.

மீனின் கழிவிலிருந்தும் எஞ்சி அழுகும் உணவிலிருந்தும் உண்டாகும் அமோனியாவை நைத்திரைற்றாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் அந்த ஸ்பொஞ்சிலும் கற்களிலும்தான் குடியிருக்கின்றன. புதிய தொட்டியில் அவை போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். இங்கோ கிழமைக்கொரு முறை அவை அழிக்கப்பட்டன. நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7 உள்ள நீரைவிட 8 உள்ள நீரில் அமோனியாவின் நச்சு வடிவம் ஏறத்தாழப் பத்து மடங்காகும், வெப்பம் அதை மேலும் கூட்டும் என்பதால், கப்பிக்கு இதமான, காரத்தன்மையுள்ள எங்கள் சுண்ணாம்பு நீரே எங்கள் தவறைப் பெரிதாக்கியும் விடுகிறது.

கிழமைக்கு ஒருமுறை கால்பங்கு நீரை மட்டும் மாற்றி, ஸ்பொஞ்சை அப்படி வெளியே எடுத்த நீரிலேயே பிழிந்தால் போதும். குளோரின் கலந்த குழாய்நீரானால் ஓர் இரவு திறந்த வாளியில் காற்றுப் பம்பியோடு வைத்திருக்க வேண்டும். உணவு இரண்டு நிமிடங்களில் தின்று முடியும் அளவே.

நெரிசலும் அமோனியாவைக் கூட்டும். பெண்மீன் ஏறத்தாழ மாதமொருமுறை குஞ்சு ஈனும். விந்தணுக்களை மாதக்கணக்கில் உடலில் சேமிப்பதால் ஆண்மீனைப் பிரித்த பின்னரும் ஈனும். மிஞ்சியவற்றைக் கோயில் கேணியிலோ குளத்திலோ விடுவது எனக்கு உடன்பாடில்லை. தென் அமெரிக்காவிலிருந்து வந்த இம்மீன் எங்கள் சிறு மீன்களின் இரையையும் இடத்தையும் பறிக்கும். நுளம்புக் குடம்பிகளுக்காக வீட்டுத் தொட்டியில் விடுவது வேறு விடயம்.

இரண்டில் ஒன்று பிழைத்தது. கண்ணாடி பச்சையாகிவிட்டது, துடைக்கலாமா என்று பின்னர் அந்த மகள் தொலைபேசியில் கேட்டாள். முன்பக்கத்தை மட்டும், சவர்க்காரமில்லாமல் என்றேன்.