பந்து போகாத பாதை

பந்து கால்காப்பில் படுகிறது, பந்துவீச்சாளர் இரு கைகளையும் உயர்த்தி முறையிடுகிறார், நடுவர் அசையவில்லை, அணித்தலைவர் மறுபரிசீலனை கேட்கிறார். தொலைக்காட்சியில் கிரிக்கெட் பார்க்கும் ரசிகருக்கு இதற்குப் பிந்தைய ஓரிரு நிமிடங்களைவிடச் சுவையானவை வேறில்லை என்பது என் கருத்து. சிக்சரில் பந்து உண்மையாகவே பறக்கிறது; எல்.பி.டபிள்யூ. (ஸ்டம்பை நோக்கிய பந்தைக் காலால் மறித்ததற்காக மட்டையாளரை அவுட் ஆக்குவது) மறுபரிசீலனையிலோ, கால் குறுக்கிட்டதால் பந்து போகாமலே நின்றுவிட்ட பாதையைத் திரை நமக்கு வரைந்து காட்டுகிறது.

இப்படிப் பந்தின் பாதையைக் கணித்து வரையும் தொழில்நுட்பமான, பால் ஹாக்கின்ஸ் உருவாக்கிய ஹாக்-ஐ, 2001-இல் லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்தும் பாகிஸ்தானும் ஆடிய டெஸ்ட் போட்டியின் ஒளிபரப்பில் முதன்முதலாக இடம்பெற்றது. அப்போது அது நேயர்களுக்கான விளக்கப்படம் மட்டுமே. நடுவரின் தீர்ப்பை வீரர்கள் மறுபரிசீலிக்கக் கோரும் முறை, 2008-இல் இலங்கையில் நடந்த இந்தியா-இலங்கை டெஸ்ட் தொடரில்தான் சோதித்துப் பார்க்கப்பட்டது.

ஒரு கேமரா, பந்து எந்தத் திசையில் இருக்கிறது என்பதைச் சொல்லும். எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைச் சொல்லாது. பந்துவீச்சாளருக்குப் பின்னால் உயரத்திலிருந்து பார்க்கும் வழக்கமான ஒளிபரப்புக் கேமரா, 20.12 மீட்டர் நீள ஆடுகளத்தைத் தன் தொலைநோக்கு வில்லையால் சுருக்கிக் காட்டுவதோடு, சில நேரம் ஸ்டம்புகளின் நேர்கோட்டிலிருந்து சற்று விலகியும் நிற்கிறது. நாற்காலியில் அமர்ந்தபடி “அவுட்” என்று நாம் அடித்துச் சொல்வது பலமுறை பொய்த்துப்போவதற்கு இதுவும் காரணம். மைதானத்தைச் சுற்றி வெவ்வேறு இடங்களில் பொருத்தப்பட்ட கேமராக்கள் ஒரே கணத்தில் பந்தைப் பார்க்கும்போது, அவற்றின் பார்வைக் கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளியே பந்தின் இடம். நம் இரு கண்கள் தொலைவை அளப்பதும் ஏறக்குறைய இப்படித்தான்.

இனி வேகம். தரையில் பட்டபின் பந்து மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் செல்கிறது என்றும், 2 மீட்டர் கடந்து கால்காப்பில் படுகிறது என்றும் கொள்வோம். அந்தத் தொலைவைக் கடக்க அதற்கு 0.06 நொடி போதும். நொடிக்கு 25 படங்கள் எடுக்கும் கேமராவுக்கு அதற்குள் ஒன்றோ இரண்டோ படம்தான் கிடைக்கும். 340 படங்கள் எடுக்கும் கேமராவுக்கு 20 கிடைக்கும். அந்தப் புள்ளிகளின் வழியே கணினி ஒரு வளைகோட்டைப் பொருத்தி, புவியீர்ப்பையும் கணக்கில் கொண்டு, அதை ஸ்டம்பு வரை நீட்டுகிறது. சுழலும் ஸ்விங்கும் (பந்து காற்றில் வளைவதும்) எவ்வளவு என்று அது ஊகிப்பதில்லை. கண்ட புள்ளிகளிலேயே அவை பதிந்திருக்கின்றன. ஆனால் பந்து தரையில் பட்ட 30 சென்டிமீட்டருக்குள் காலில் பட்டுவிட்டால், அதே வேகக் கேமராவுக்கும் மூன்று புள்ளிகள்தான் மிஞ்சும், கணிப்பு தளர்ந்துவிடும். காலுக்கும் ஸ்டம்புக்கும் இடையிலான தொலைவு கூடக் கூடவும் பிழை பெருகும்.

பந்து தரையில் எங்கே குத்தியது, காலில் எங்கே பட்டது, ஸ்டம்பைத் தாக்குமா என்று திரை ஒவ்வொன்றாகக் காட்டுவதை ஒளிபரப்பாளர் கட்டிய நாடகம் என்று நினைத்துவிடக் கூடாது. லெக் ஸ்டம்புக்கு (மட்டையாளரின் கால் பக்கம் உள்ள ஸ்டம்புக்கு) வெளியே குத்திய பந்துக்கு எல்.பி.டபிள்யூ. கிடையாது என்பது விதி. எனவே அந்த வரிசை விதியிலேயே இருக்கிறது. படபடப்பு நமக்குக் கிடைக்கும் உபரி.

ரசிகர்களை எரிச்சலூட்டுவது “அம்பயர்ஸ் கால்”, அதாவது களநடுவரின் தீர்ப்புக்கே விட்டுவிடுவது. பந்தின் விட்டம் சுமார் 7 சென்டிமீட்டர். அதில் பாதிக்கும் குறைவான பகுதியே ஸ்டம்பில் படும் என்று கணிப்பு காட்டினால், விளிம்பில் பிழைக்கு இடமிருப்பதால், களத்தில் நின்று பார்த்த நடுவரின் முடிவே நிலைக்கிறது. ஆகவே லெக் ஸ்டம்பை ஒரே அளவில் உரசுவதாக வரையப்பட்ட இரண்டு பந்துகளில், நடுவர் விரல் உயர்த்தியது அவுட்டாகிறது. உயர்த்தாததற்கு மட்டையாளர் தப்புகிறார். முறையிட்ட அணிக்குக் கிடைக்கும் ஒரே ஆறுதல், அதன் மறுபரிசீலனை வாய்ப்பு பறிபோகாமல் இருப்பதுதான்.