தீசிஸ் முடிக்கிறவர்கள் முதலில் தேதியைப் பாருங்கள்

முக்கூடல் பக்கத்துப் பெண் அவள். அம்மா பீடி சுற்றிப் படிக்கவைத்தார். பிஎச்.டி. தீசிஸில் (ஆய்வேட்டில்) கடைசி இயல் மட்டும் பாக்கி இருந்தபோது, "ஆறு வருஷம் முடிஞ்சிட்டும்மா, இனி ஒண்ணும் செய்ய முடியாது" என்று அலுவலகத்தில் யாரோ சொல்ல, அதை அப்படியே நம்பி வீட்டில் இருந்துவிட்டாள். பெண்களுக்கு இன்னும் 2 வருடம் கேட்க வழி இருந்தது. எனக்கு விஷயம் தெரிந்தபோது அந்த 2 வருடமும் போய்விட்டது. இனி ஒருத்தருக்கும் இப்படி ஆகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

பல்கலைக்கழக மானியக் குழுவின், அதாவது யுஜிசியின், இப்போதைய பிஎச்.டி. விதி 2022 நவம்பரில் வந்தது. சேர்ந்த தேதியிலிருந்து குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 6. மறுபதிவு செய்தால் இன்னும் 2. பெண்களுக்கும், 40 சதவீதத்துக்கு மேல் உடல் குறைபாடு உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் அதற்கு மேலும் 2, ஆக மொத்தம் 10 வரை போகலாம். மகப்பேறு, குழந்தை பராமரிப்புக்கு 240 நாள் விடுப்பும் உண்டு. இந்த விதி வருவதற்கு முன்பே பதிவு செய்தவர்களுக்குப் பழைய விதிதான், 2016 விதியிலும் பெண்களுக்கு 2 வருடச் சலுகை இருந்தது.

ஆனால் விதியில் இருப்பது "அளிக்கலாம்" என்ற சொல். நாம் கேட்காமல் யாரும் தர மாட்டார்கள். கோர்ஸ் ஒர்க் (தொடக்கத்தில் படிக்கும் பாடங்கள்) முடித்த நாளிலிருந்துதான் கணக்கு என்று நினைத்து ஏமாந்தவர்கள் நிறைய பேர். சேர்க்கை உத்தரவில் இருக்கும் தேதிதான் கணக்கு, அதை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். கெடு முடிய ஆறு மாதம் இருக்கும்போதே நீட்டிப்புக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள், ஏனென்றால் கைடு (நெறியாளர்) கையெழுத்து, துறைத் தலைவர், கல்லூரி முதல்வர், அப்புறம் பல்கலைக்கழகம் என்று ஒவ்வொரு மேசையிலும் ஃபைல் தூங்கும். களக்காட்டிலிருந்தும் ஆலங்குளத்திலிருந்தும் பஸ் மாறி வருகிறவர்களை "நாளைக்கு வாங்க" என்று எத்தனை தடவைதான் அனுப்புவார்களோ. ஒரு நாள் அலைச்சல் என்றால் ஒரு நாள் சம்பளம் போச்சு. அதனால் வாயால் கேட்காதீர்கள், வாயால் வரும் பதிலையும் ஏற்காதீர்கள். மனுவைத் தபால் பிரிவில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். "முடியாது" என்றால் எந்த விதிப்படி என்று எழுத்தில் கேளுங்கள். பதிலே இல்லையா, 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும்.

கைடு ஓய்வு பெறுவது அடுத்த குழி. ஓய்வுக்குப் பிறகு அவர் 70 வயது வரை இணை நெறியாளராக இருக்கலாம், முதன்மை நெறியாளராக முடியாது. ஐயாதானே கடைசிவரை பார்த்தார் என்று அவர் கையெழுத்தோடு மட்டும் சினாப்சிஸ் (ஆய்வுச் சுருக்கம்) கொடுத்தால் திரும்பி வந்துவிடும். அவர் ஓய்வு பெறும் முன்பே புதிய நெறியாளர் மாற்ற உத்தரவைக் கையில் வாங்கிவிடுங்கள்.

கட்டுரை வெளியிட்டால்தான் தீசிஸ் வாங்குவோம் என்கிறார்களா? 2016 விதியில் ஒரு இதழ்க் கட்டுரையும் இரண்டு கருத்தரங்க உரையும் கட்டாயம். 2022 விதியில் யுஜிசி அதை எடுத்துவிட்டது. பல்கலைக்கழகம் தன் விதியில் வைத்திருந்தால் அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். பயந்துபோய், காசு வாங்கிக்கொண்டு ஒரே வாரத்தில் கட்டுரை போடும் இதழ்களிடம் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

கருத்துத் திருட்டுச் சோதனையில், பிறர் எழுத்தோடு ஒத்துப்போவது 10 சதவீதம் வரை என்றால் தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை போனால் திருத்திக் கொடுக்கச் சொல்வார்கள், 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. முறையாகச் சான்று காட்டிய மேற்கோளும் துணைநூற்பட்டியலும் இந்தக் கணக்கில் வராது. ஆனால் மென்பொருளில் அதை விலக்காமல் ஓட்டிவிட்டு 30 சதவீதம் என்று கையில் தாளைக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், அதிலும் சங்கப் பாடல்களை வரிவரியாக எடுத்தாளும் தமிழ் ஆய்வாளர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். விலக்கி மறுபடி ஓட்டச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை.

தீசிஸ் கொடுத்த நாளிலிருந்து வைவா (வாய்மொழித் தேர்வு) முடிவு வரை எல்லாம் 6 மாதத்துக்குள் முடிய வேண்டும். ஐந்தாவது மாதமே நினைவூட்டுக் கடிதம் கொடுங்கள். கடைசியில் தற்காலிகச் சான்றிதழ் வாங்கும்போது, யுஜிசி விதிகளின்படி பட்டம் வழங்கப்படுகிறது என்ற வரி அதில் இருக்கிறதா என்று அந்த ஜன்னலிலேயே நின்று படித்துவிட்டு வாருங்கள். அது இல்லாவிட்டால் உதவிப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது மறுபடியும் அதே ஜன்னலுக்கு வந்து நிற்க வேண்டியிருக்கும்.