திறப்பு விழா முடிந்த பிறகு பூங்காவுக்கு யார் செலவழிப்பது?

கொழும்பில் மட்டக்குளி, கிராண்ட்பாஸ், வனாத்தமுல்லைப் பக்கத்துத் தோட்டக் குடியிருப்புகளிலிருந்தும் தொடர்மாடிகளிலிருந்தும் சிறுவர் பூங்கா கேட்டு எழுதும் கடிதங்களில் அநேகமாக ஒரு வரி இருக்காது: காணி யாருடையது? வெறுமையாகக் கிடக்கும் துண்டு மாநகர சபையுடையதாக இருக்கலாம். நகர அபிவிருத்தி அதிகார சபையுடையதாகவோ ரயில்வேயுடையதாகவோகூட இருக்கலாம். அடுத்தவர் காணியில் சபை பணம் போட்டால் கணக்காய்வு பிடித்துக்கொள்ளும். உரிமையாளரின் எழுத்துமூலச் சம்மதத்தை முதலில் எடுங்கள். யாரென்று தெரியாவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம்; 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும்.

சபையின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் சேர, ஓகஸ்ட்டிலேயே வட்டார உறுப்பினர் கையில் கோரிக்கை இருக்கட்டும். டிசம்பரில் போனால் சிரித்துப் பேசி அனுப்பிவிடுவார்கள்.

பூங்கா கட்டுவது ஒருமுறை வரும் மூலதனச் செலவு, அதைக் காப்பது ஆண்டுதோறும் திரும்ப வரும் மீண்டெழும் செலவு. முதலாவதற்குப் பெயர்ப்பலகை உண்டு, இரண்டாவதற்கு இல்லை. சிக்கல் முழுக்க அங்கேதான்.

இரட்டை ஊஞ்சல் ஒன்றையே பாருங்கள். சங்கிலி தொங்கும் உயரம் 2 மீட்டர் என்றால் முன்னும் பின்னும் 4 மீட்டர் வீதம் மணல் வேண்டும். பக்கவாட்டில் சட்டத்துக்கு அப்பால் ஆறடி. ஏறத்தாழ 8க்கு 6 மீட்டர், ஆழம் 30 சென்ரிமீட்டர்: ஐந்து கியூப் மணல் (ஒரு கியூப் 100 கன அடி). மலிவென்று கல்தூள் கொட்டினால் இரண்டு மழையில் சீமெந்துத் தரைபோல் இறுகிவிடும். நல்ல மணலும் இருக்கைக்குக் கீழே கால்பட்டுக் குழியாகும். வாராவாரம் இழுத்து நிரப்ப ஆள் வேண்டும், குறைந்ததை ஈடுசெய்யப் புது மணலும் வேண்டும். கடற்காற்று அடிக்கும் இடத்தில் ஊஞ்சல் சட்டத்தின் குழாய் கொங்கிரீட்டுக்குள் இறங்கும் இடம்தான் முதலில் உக்கும். மேலே புதுப் பெயின்ற், மணலுக்குள் ஓட்டை. கொங்கிரீட்டின் மேற்பக்கத்தை வெளிச்சரிவாக முடித்தால் தண்ணீர் தேங்காது. ஆனாலும் மணலை விலக்கிப் பார்க்காத சோதனை சோதனையே அல்ல. மதிப்பீட்டில் இந்த ஆள்கூலியும் மணலும் தனி வரியாக இல்லையென்றால் திறப்பு விழாவை ஒத்திப்போடச் சொல்லுங்கள்.

இளைஞர்களுக்கு மைதான விளக்கு போட்டுத் தருகிறோம் என்றால், மீட்டர் யார் பெயரில், பில் யார் கட்டுவது என்று கேளுங்கள். பில் கட்டாமல் லைன் வெட்டப்பட்டால் ஆறரைக்கே இருட்டிவிடும். முதலில் வீட்டுக்குப் போகவேண்டி வருவது வலைப்பந்து ஆடும் பெண்பிள்ளைகள்தான்.